குறும்பெயரின் கடன்

பேக்கேஜுக்குப் பெயர் வைப்பதை நம்மில் பலர் கடைசி ஐந்து நிமிட வேலையாகவே நினைக்கிறோம். களஞ்சியத்தில் பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம்; இருந்தால் எடுத்துக்கொள்கிறோம். அந்த அவசரத்தின் செலவைப் பெரும்பாலும் பின்னால் வருபவர்களே சுமக்கிறார்கள்.

டெபியன் லினக்ஸில் ‘நோட்’ என்ற பெயர் அமெச்சூர் வானொலிக்கான ஒரு பேக்கேஜிடம் இருந்தது. நோட்.ஜேஎஸ் வந்தபோது அதன் கட்டளையும் அதே பெயரில் இருந்தது. இரு தரப்பும் உடன்படாவிட்டால் இரண்டு நிரல்களும் பெயர் மாற வேண்டும் என்பது டெபியன் கொள்கை. 2012இல் தொழில்நுட்பக் குழு அப்படியே தீர்ப்பளித்தது: ஒன்று ‘ஏஎக்ஸ்25-நோட்’ ஆனது, மற்றது ‘நோட்ஜேஎஸ்’ ஆனது. தீர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் ‘நோட்’ என்று அழைத்து எழுதப்பட்டிருந்த ஸ்கிரிப்ட்கள் டெபியனில் ஓடவில்லை. அவற்றுக்காகவே ‘நோட்ஜேஎஸ்-லெகசி’ என்று தனியாக ஒரு பேக்கேஜ் வைக்க வேண்டியதாயிற்று. ‘கிட்’ கதையும் இதே வகைதான். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு க்னூ கருவியிடம் இருந்ததால், இன்று எல்லோரும் அறிந்த கிட் அங்கே நெடுநாள் ‘கிட்-கோர்’ என்றே வழங்கியது.

இவை நல்லெண்ணத்தோடு நேர்ந்த மோதல்கள். வஞ்சகம் புகும் இடமும் இதுவே. 2017இல் ஜாவாஸ்கிரிப்ட் களஞ்சியமான என்பிஎம்மில் ‘கிராஸ்-என்வ்’ என்ற பேக்கேஜின் இடைக்கோட்டை மட்டும் நீக்கி, ‘கிராஸ்என்வ்’ என்று ஒன்று பதிவாயிற்று. தவறி அதை நிறுவியவர்களின் சூழல் மாறிகளை அது களவாடியது. நிறுத்தக்குறியில் மட்டும் வேறுபடும் புதிய பெயர்களை என்பிஎம் அதன் பிறகே மறுக்கத் தொடங்கியது. பைத்தான் களஞ்சியமான பைபிஐயோ பெயர்களில் இடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி மூன்றையும் ஒன்றாகவே கொள்கிறது.

பயனர் கவனமாகத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது விதியாகாது. குழப்பும் பெயரைப் பதிவு செய்யும் கணத்திலேயே இயந்திரம் மறுப்பதுதான் விதி. களஞ்சியம் நடத்துவோர் இதை ஏற்க வேண்டும். பேக்கேஜ் எழுதுவோருக்கும் பங்குண்டு. பொதுச்சொல் ஒன்றைத் தனியாகப் பெயராக்காதீர்கள். நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் பேக்கேஜ்களுக்கு முன்னொட்டு இடுங்கள். என்பிஎம்மில் அதற்கென உள்ள ‘@நிறுவனம்/’ என்ற ஸ்கோப்பைப் பயன்படுத்துங்கள். நூலகம் என்றால், ‘லிப்எஸ்எஸ்எல்1.1’, ‘லிப்எஸ்எஸ்எல்3’ என்று டெபியன் செய்வதுபோல், பொருந்தாத பதிப்புகள் அருகருகே இருக்கும்படி எண்ணைப் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். பெயர் நீண்டால் ஒருமுறை கூடுதலாகத் தட்டச்சு செய்வோம். பெயர் மாறினால் அதைச் சார்ந்த ஒவ்வொரு பேக்கேஜும் திருத்தப்பட வேண்டும்.