பற்ற வைக்க நாற்பது பேர், அணைக்க யாரு?

ஐ.வி. என்றால் என்ன என்று ஃபர்ஸ்ட் இயர் பசங்க கேட்டால் 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று கெத்தாகச் சொல்வோம். அரை நாள் ஏதோ ஒரு ஃபேக்டரி, மீதி நாளெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் அல்லது ஏற்காடு என்பது ஐ.வி. போய் வந்த எல்லாருக்கும் தெரியும். டூர் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பேக்கேஜில் பஸ், ரூம், சாப்பாடு எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசி வரி மட்டும் எந்த ஏஜென்ட் அனுப்பினாலும் மாறாது: 'நைட் டி.ஜே. வித் கேம்ப் ஃபயர்'. அந்த வரி இருந்தால் போதும், கிளாஸே ஓகே சொல்லிவிடும்.

கேம்ப் ஃபயரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை மக்களே. குளிரில் தீயைச் சுற்றி உட்கார்ந்து பாட்டு பாடுவதும், நாலு வருஷமாகப் பேசாதவன்கூட வந்து பக்கத்தில் உட்காருவதும் காலேஜ் வாழ்க்கையில் கிடைக்கிற நல்ல விஷயங்கள். என் புகார் வேறு. பஸ்ஸில் புஷ்பேக் சீட்டா, ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ், பிரியாணியில் எத்தனை பீஸ் என்று ஏஜென்ட்டைக் குடைகிற நாம், தீயைப் பற்றி ஒரே ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. எதில் மூட்டுவார்கள், எதை ஊற்றுவார்கள், எல்லாரும் தூங்கப் போன பிறகு யார் அணைப்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் தீக்குச்சியை உரசக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில், எதில் மூட்டுவது?

பெரும்பாலான காட்டேஜ்களில் புல்தரையில் ஒரு கருகின வட்டம் இருக்கும். அதுதான் 'ஃபயர் பிட்'. சில இடங்களில் பாதியாக வெட்டிய இரும்பு பேரல். கொஞ்சம் நல்ல இடம் என்றால் செங்கல் கட்டிய வட்டக் குழி. இந்த மூன்றில் செங்கல் குழிக்குத்தான் என் ஓட்டு. தீ பரவாமல் ஒரு எல்லைக்குள் நிற்கும், கட்டையும் உருண்டு வெளியே வராது. கால் வைத்து, தரையிலிருந்து தூக்கி நிறுத்திய இரும்புத் தொட்டியும் பரவாயில்லை. பேரல் என்றால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்க. பெயின்ட்டோ கெமிக்கலோ இருந்த பேரல் சூடானால் மிச்சம் மீதியும் சேர்ந்து ஆவியாகி நம் மூக்குக்குத்தான் வரும்.

குழியைச் சுற்றி அழகுக்கு ஆற்றுக் கூழாங்கல் அடுக்குகிற பழக்கம் இருக்கு. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கல்லின் நுண்ணிய இடுக்குகளில் தண்ணீர் ஊறியிருக்கும். தண்ணீர் நீராவியானால் கன அளவு சுமார் 1,700 மடங்கு கூடும் என்று தெர்மோவில் படித்தது ஞாபகம் இருக்கா? வெளியேற வழி இல்லாத நீராவி கல்லையே வெடிக்க வைக்கும், சில்லு முகத்துக்கு வரும்.

அடுத்தது தூரம். அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றுகிற சர்வதேசத் தீ விதித்தொகுப்பு, இந்த மாதிரி பொழுதுபோக்குத் தீயை மூன்றடி அகலம், இரண்டடி உயரத்துக்குள் வைக்கச் சொல்கிறது. கட்டடத்திலிருந்து 25 அடி தள்ளியும் இருக்க வேண்டும். ஒரு பெரிய பஸ்ஸின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்க. நம்ம ஊரில் ஷாமியானாவுக்குக் கீழேயே, டி.ஜே. ஸ்பீக்கர் ஒயர் பக்கத்திலேயே மூட்டுகிறார்கள். பதினைந்து பேர் டூருக்கும் நாற்பது பேர் டூருக்கும் ஒரே அளவு தீ போதும். ஆள் கூடினால் வட்டத்தைப் பெரிசாக்கணும், தீயை இல்லை.

எதை எரிப்பது?

அப்போது வெட்டின பச்சை மரத்தில் எடையில் பாதி வரை தண்ணீர்தான். அதை எரித்தால் வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரைக் கொதிக்க வைக்கவே போய்விடும். தீயின் வெப்பநிலை ஏறாது, மரத்திலிருந்து வருகிற வாயுக்கள் முழுசாக எரியாது. அந்த எரியாத மிச்சம்தான் கண்ணைக் கரிக்கிற புகை. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் விறகு நன்றாக எரியும். கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று சத்தம் போடும். முனையில் வெடிப்பு விழுந்திருந்தால் இன்னும் நல்லது.

விறகு தீர்ந்த பிறகு கையில் கிடைத்ததை எல்லாம் போடுகிற கட்டம் ஒன்று வரும். உடைந்த பிளைவுட் நாற்காலி, பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டம், தண்ணீர் பாட்டில், தோட்டத்து அரளிக் குச்சி. எதையும் போடாதீங்க. பிளைவுட்டில் பசை, பெயின்ட்டில் ரசாயனம். அரளி முழுக்கவே விஷம், அதன் புகையும் ஆகாது. பேக்கிங் பேலட் கட்டை கிடைத்தால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்க. 'எச்.டி.' என்றால் சூடுபடுத்திப் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்கிற பூச்சிக்கொல்லி வாயு பாய்ச்சியது, தொடவே வேண்டாம்.

பெட்ரோல் ஹீரோக்கள்

ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருத்தர் இருப்பார். விறகு பற்றவில்லை என்றதும் பைக்கிலிருந்து பாட்டிலில் பெட்ரோல் பிடித்து வருவார். இந்த இடத்தில் மட்டும் நான் கறாராகவே பேசுகிறேன். பெட்ரோலின் ஃபிளாஷ் பாயின்ட் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் பக்கம். ஊட்டியின் உறைபனி இரவிலும் அது தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, புல்லோடு புல்லாக நம் காலடிக்கு ஊர்ந்து வரும். தீக்குச்சியைக் கிழித்ததும் எரிவது விறகு இல்லை, நாம் நிற்கிற இடம்.

இதைவிட மோசம், தீ மங்கிவிட்டது என்று இரண்டாவது தடவை ஊற்றுவது. விழுகிற பெட்ரோலைப் பிடித்துக்கொண்டே தீ பாட்டிலுக்கு ஏறும். கையில் பாட்டில் வைத்திருப்பவர் பயந்து உதறுவார், அது பக்கத்தில் இருப்பவர் மேல் போய் விழும். சானிடைசர், பாடி ஸ்பிரே எல்லாம் இதே வகைதான். சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் எரிகிற ஜுவாலை கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

மாற்று வழி நம்ம பாட்டிகளிடம் இருக்கு. தேங்காய் நார், காய்ந்த பாளை, கொட்டாங்குச்சி, இரண்டு கட்டி கற்பூரம். அடியில் நார், அதன் மேல் விரல் கனச் சுள்ளி, அதற்கும் மேல்தான் கட்டை. நடுவில் காற்று போக இடைவெளி விடணும். பத்து நிமிஷம் பொறுமை இருந்தால் எதையும் ஊற்ற வேண்டியதில்லை.

டிரஸ் பற்றியும் ஒரு வார்த்தை. குளிருக்கு நாம் போடுகிற ஹூடி, ஃப்ளீஸ் ஜாக்கெட் பெரும்பாலும் பாலியெஸ்டர். அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் துப்பட்டாவையும் சால்வையையும் முடிந்து வையுங்க. உடையில் பிடித்தால் ஓடக் கூடாது, கீழே படுத்து உருள வேண்டும். தீக்காயத்துக்கு 20 நிமிஷம் சாதாரணக் குழாய்த் தண்ணீர், பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி 108. டூத்பேஸ்ட், மாவு, மை, ஐஸ் எதுவும் வேண்டாம்.

உண்மையான ஆபத்து தீ குறைந்த பிறகு

பெட்ரோலின் ஆபத்தாவது கண்ணுக்குத் தெரியும். கடைசி ஒரு மணி நேரத்தின் ஆபத்து தெரியாது. பாட்டு முடிந்தது, ஜுவாலை அடங்கியது, சிவப்பாகக் கங்கு மட்டும் கிடக்கு. புகையே இல்லை. குளிர் எலும்பைத் துளைக்குது. அப்போது யாராவது சொல்வார்: "மச்சி, இந்தக் கங்கை ஒரு சட்டியில அள்ளி ரூமுக்குள்ள வெச்சுக்கலாம்டா."

தயவுசெய்து வேண்டாம். கங்கின் அடியில் உருவாகிற கார்பன் டை ஆக்சைடு மேலே ஏறும்போது, சிவந்த கரியின் மேல் பட்டு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. கெமிஸ்ட்ரியில் பூடுவார் வினை என்று இதற்குப் பெயர். தீ வலுவாக இருக்கும்போது இந்த வாயு மேலே நீல நிறத்தில் எரிந்து தீர்ந்துவிடும். தீ தணிந்ததும் அந்த நீல ஜுவாலை நின்றுவிடும், வாயு உண்டாவது நிற்காது. நிறம் இல்லை, வாசனை இல்லை. ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். அறைக்குள் 100 கிராம் கார்பன் எரிகிறது, அதில் பத்தில் ஒரு பங்கு மோனாக்சைடாகிறது என்று வைப்போம். 100 கிராம் என்பது 8.3 மோல். பத்தில் ஒரு பங்கு 0.83 மோல், அறை வெப்பநிலையில் சுமார் 20 லிட்டர். 10-க்கு 12 அடி ரூம், பத்தடி உயரம் என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 34,000 லிட்டர். ஜன்னலெல்லாம் மூடியிருந்தால் பத்து லட்சத்தில் 600 பங்கு, அதாவது 600 பி.பி.எம். சில மணி நேரம் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்தான அளவு. அதே 20 லிட்டரை 4,000 லிட்டர் கொள்ளளவுள்ள டென்ட்டுக்குள் போட்டால் 5,000 பி.பி.எம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ், 1,200-ஐயே உடனடி உயிராபத்து என்று வரையறுத்திருக்கிறது. இத்தனைக்கும் ஒரு சட்டிக் கங்கில் 100 கிராமைவிட அதிகமாகவே கரி இருக்கும்.

2024-ல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இரண்டு இளைஞர்கள் பார்பிக்யூ கரி அடுப்பு இருந்த அறையில் தூங்கி, எழுந்திருக்கவே இல்லை. வட இந்தியாவில் குளிர்காலம் வந்தாலே அங்கீட்டி வைத்துத் தூங்கிய குடும்பங்கள் பற்றிச் செய்தி வரும். இவர்களில் யாரும் முட்டாள் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று அறிகுறிகள் எல்லாம் டூர் களைப்பு மாதிரியே இருப்பதால் சந்தேகம் வருவதில்லை. அப்படி யாருக்காவது தோன்றினால் முதல் வேலை எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவருவது, அடுத்தது 108.

சரி, கங்கை உள்ளே எடுத்துப் போகாமல் அங்கேயே விட்டுவிட்டால்? அதுவும் கூடாது. சாம்பல் நல்ல வெப்பக் காப்பு. மேலே வெள்ளையாக ஆறியது போல இருக்கும், உள்ளே மறுநாள் வரைக்கும் கனன்றுகொண்டே இருக்கும். மணலைப் போட்டு மூடினால் இன்னும் மோசம், காலையில் வெறுங்காலோடு வருகிறவர் அதில் மிதிப்பார். பிப்ரவரி முதல் மே வரை மலைப்புல் காய்ந்து கிடக்கிற காலத்தில் ஒரு காற்று அடித்தால் போதும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைப் பலி வாங்கியது. அது கேம்ப் ஃபயரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. காய்ந்த புல் சரிவில் தீயை முந்தி ஓட மனிதனால் முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்க.

"அதெல்லாம் ரிசார்ட் ஆளு பார்த்துப்பாரு" என்பீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த அண்ணன் காலையிலிருந்து வேலை பார்த்த களைப்பில் தூங்கப் போயிருப்பார். நாம்தான் "நீங்க போங்கண்ணே, நாங்க பார்த்துக்கறோம்" என்று அனுப்பியிருப்போம். பார்த்துக்கொள்கிற 'நாங்க' யார் என்றால் யாருக்கும் தெரியாது.

இதைப் படிக்கிற ஃபேகல்ட்டி யாராவது 'அப்போ கேம்ப் ஃபயரையே கேன்சல் பண்ணிடலாம்' என்று முடிவெடுத்தால் அது தப்பான முடிவு சார். தடை போட்டால் தீ நிற்காது, இடம்தான் மாறும். தோட்டத்துக் குழியில், வெளிச்சத்தில், தண்ணீர் பக்கத்தில் எரிய வேண்டியது, யாருக்கும் தெரியாமல் காட்டேஜுக்குப் பின்னால் காய்ந்த இலைக்கு நடுவில் எரியும். ஆபத்தை ஒளித்து வைப்பதற்குப் பதில் ஒரு ஆளைப் பொறுப்பாக்குவது மேல்.

ஆகவே என் யோசனை சின்னதுதான். சி.ஆர். தயாரிக்கிற ஐ.வி. லிஸ்ட்டில் பஸ் இன்சார்ஜ், ஃபுட் இன்சார்ஜ் இருக்கிற மாதிரி 'ஃபயர் இன்சார்ஜ்' என்று இரண்டு பேர் இருக்கட்டும். அன்று ராத்திரி அவங்க குடிக்காதவர்களாக, கடைசியாகத் தூங்கப் போகிறவர்களாக இருக்கணும். அவங்க வேலை இவ்வளவுதான்:

புக் பண்ணும்போதே குழி எப்படி, எவ்வளவு தூரம், எதை வைத்துப் பற்ற வைப்பீர்கள் என்று கேட்பது. மூட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கெட் தண்ணீர் அல்லது ஓடுகிற ஹோஸ் பைப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. காற்று பலமாக அடித்தால் 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்வது. முடிக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது விறகு போடுவதை நிறுத்துவது. கடைசியில் காற்று வருகிற பக்கம் நின்று மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றுவது. சாம்பலுக்கு மேலே புறங்கையை நீட்டினால் சூடே தெரியக் கூடாது. அதுவரைக்கும் வேலை முடியவில்லை.

இந்த வருஷ ஐ.வி.க்கான லிஸ்ட் இன்னும் ரெடியாகவில்லை என்றால், அந்த இரண்டு பெயரை இன்றைக்கே எழுதிவிடுங்க. பாட்டு, டான்ஸ், ரீல்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம் பேசிக்கலாம்.