பணிமனையும் சிக்கனமும்

பஸ் வராத காலையில், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குச் செல்வோர் சாலையோரம் நின்று படும் பாட்டை நம்மில் அறியாதார் இலர். வண்டி பணிமனையில் கிடக்கிறது என்பதே அவர்களுக்குக் கிடைக்கும் விடை. ஏன் கிடக்கிறது என வினவுவார் அரியர்.

பஸ் போக்குவரத்தில் நஷ்டம் மிகுந்துவிட்டது, ஆதலின் பணிமனைச் செலவைக் குறைத்தல் வேண்டும் என்பாருளர். குறைத்தல் வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. எதைக் குறைப்பது என்பதிலேதான் நம் வழக்கு. எண்ணெய் மாற்றும் நாளைத் தள்ளிப்போடுவதும், ஓய்வு பெற்ற தொழிலாளியின் இடத்தை வெறிதே விடுவதும் கணக்கேட்டில் மிச்சமாகத் தோன்றும். ஆனால், எண்ணெய்க் கிரயத்தோடு முடிய வேண்டிய காரியம் பின்னர் இஞ்சினையே பிரிக்கும் வேலையாய் வந்து நிற்கும். அத்தனை நாளும் வசூல் இல்லை. டயரின் செய்தியும் இதுவே. காற்றுக் குறைந்து ஓடினால் ஓரங்கள் முதலில் தேயும், டீசலும் வீணாகும். உரிய தருணத்தில் கழற்றிய டயருக்கு மேற்பட்டை ஒட்டி மீண்டும் ஓட்டலாம். உள்நூல் தெரியுமளவும் ஓட்டியதை எறியத்தான் வேண்டும். காற்றடிக்க ஆகும் செலவுதான் எவ்வளவு?

1931ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. நன்றாய் ஓடும் வண்டியையும் தவணைப்படி நிறுத்திச் சோதிப்பது ரயில்வேயாரின் வழக்கம். பழுது வரட்டும், பார்ப்போம் என்பது அங்கே செல்லாது.

குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் பஸ் பணிமனைகள் உள. அணித்தே திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டையில் மோட்டார் உறுப்புகள் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பல. இவ்வளவு அருகில் கைத்திறன் இருக்க, உறுப்பொன்றுக்காக வண்டி நாட்கணக்கில் காத்துக்கிடத்தல் தகுமா? குறைந்த விலை டெண்டரே நேர்மைக்குக் காவல் என்பர். அக்காவலைக் குலைக்க நாம் சொல்லவில்லை. பிரேக் லைனிங் ஒன்று எத்தனை கிலோமீட்டர் உழைத்தது என வண்டிவாரியாக எழுதிவைத்து, கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்று விலையை மதித்தால், மலிவுச் சரக்கின் சாயம் வெளுத்துவிடும்.

2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் புறப்பட்டன. அவற்றின் பராமரிப்பு ஒப்பந்தக் கம்பெனியின் பொறுப்பு. கழகம் கிலோமீட்டர்க் கணக்கில் பணம் தருகின்றது. ஓடாத வண்டியால் வருவாய் குறையுமாதலின், கம்பெனியார் வண்டியை நிற்கவிடார் என்பது இதன் நியாயம். நல்ல நியாயமே. ஆயின் அதற்கு அயலார் எதற்கு? கழகத்தின் சொந்தப் பணிமனையையும் ஓடிய கிலோமீட்டரைக் கொண்டே மதிப்பிட்டு, சில்லறை உறுப்புகளை வாங்கும் அதிகாரத்தை மேலாளருக்கு அளித்து, காலியான மெக்கானிக் இடங்களை முதலில் நிரப்பிப் பார்க்கட்டும்.