பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற மோட்டாரா இது?

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். பிடிக்காதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம்.

பிள்ளையின் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து ரோபோ கிட் வாங்குகிறோம். அதே மாதம், கை ஒடிந்த டிரோனைப் பழைய பேப்பரோடு சேர்த்து கிலோ கணக்கில் எடைக்குப் போடுகிறோம். மும்பையில் மட்டும் இல்லை, இதற்கு முன் மாற்றலில் இருந்த தில்லியிலும் நம் குடும்பங்களில் இதே கதைதான். இங்கே பங்கார்வாலா, அங்கே கபாடிவாலா, ஊரில் காயலான் கடை. பெயர்தான் வேறு. இது சுத்த மடத்தனம் என்பது என் கட்சி.

"நீ பேங்க்காரன், படித்தது பி.காம். மோட்டாரைப் பற்றி உனக்கென்ன?" என்று கேட்பீர்கள். பி.காம். படித்ததால்தான் கேட்கிறேன். தேய்மானம் கழித்துக் கழித்து ஒரு மெஷினைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாய்க்குக் கொண்டுவந்து நிறுத்துவோம். மதிப்பு போவது புத்தகத்தில். மெஷின் அதே மெஷின்தான். நம் வீடுகளில் புத்தக மதிப்பைப் பார்த்துப் பொருளைத் தூக்கிப் போடுகிறோம்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு பொருள்: பிரஷ்லெஸ் மோட்டார். அதை வைத்துப் பிள்ளைகள் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை: தண்ணீருக்கடியில் ஓடும் சின்ன வண்டி.

சாதாரண பொம்மை மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசி உரசித்தான் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் போகும். தண்ணீர் உள்ளே போனால் பிரஷ் சீக்கிரம் தேயும், உப்புத் தண்ணீர் என்றால் அரித்தே போகும். அதனால் மோட்டாரை டப்பாவில் அடைத்து, தண்டு வெளியே வரும் இடத்தில் சீல் போட வேண்டும். சுற்றுகிற தண்டுக்கு சீல் போடுவது பெரிய ரோதனை. பத்து மீட்டர் ஆழம் போனால் இன்னொரு காற்றுமண்டல அழுத்தம் கூடி, அந்த சீலைப் பிடித்து அமுக்கும்.

பிரஷ்லெஸ்ஸில் இந்தத் தொல்லையே கிடையாது. கம்பிச் சுருள் அசையாமல் இருக்கும், காந்தம் மட்டும் சுற்றும். கம்பியின் மேல் எனாமல் பூச்சு உண்டு. தண்ணீர் தாராளமாக உள்ளே வரட்டும். உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம், தடுக்க சீலே வேண்டாம். மோட்டார் சூடாவதையும் தண்ணீரே தணித்துவிடும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை சாமி. கலிஃபோர்னியாவில் எரிக் ஸ்டாக்போல், டேவிட் லாங் என்று இருவர். ஒரு குகைக்குள் தண்ணீரில் தங்கம் கிடக்கிறது என்ற கதையைக் கேட்டு, அதைப் பார்க்க ஒரு வண்டி செய்யக் கிளம்பினார்கள். ஓப்பன் ஆர்.ஓ.வி. என்று பெயர். பொழுதுபோக்கு விமானங்களுக்கு விற்கிற பிரஷ்லெஸ் மோட்டாரைத்தான் தண்ணீரில் நனையவிட்டார்கள். 2012ல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். 2014ல் ப்ளூ ரோபோட்டிக்ஸ் இதே தத்துவத்தில், சுருளுக்கு எபாக்ஸி பூசி, பிளாஸ்டிக் பேரிங் போட்டு, தண்ணீருக்கென்றே மோட்டார் கொண்டுவந்தது. அது நல்ல சரக்குதான். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை முதல் வண்டிக்கே அதை டாலர் கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டுமா?

கிட் வாங்கினால் பிள்ளை கற்றுக்கொள்வது 1ஆம் நம்பர் ஸ்க்ரூவை 1ஆம் நம்பர் ஓட்டையில் போடுவது. பழைய மோட்டாரைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்?

முதலில் வயரை எண்ணும். மூன்று வயர் வந்தால் பிரஷ்லெஸ். விலை மலிவான பொம்மை டிரோனில் பெரும்பாலும் இரண்டு வயர்தான், அது பிரஷ் மோட்டார். மூன்றில் எந்த இரண்டை மாற்றிக் கொடுத்தாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஏன் என்று பிள்ளை கேட்கும். அந்த ஒரு கேள்விக்காகவே கிட்டைக் குப்பையில் போடலாம்.

அடுத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறக்கும். அதிலும் பிரஷ்லெஸ் உண்டு. சுற்றவைத்துப் பார்க்க அருமையான சாமான், வண்டியைத் தள்ளத்தான் தெம்பு போதாது. இதைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் படிப்பு.

மோட்டார் மேல் 2300 கே.வி. என்று போட்டிருக்கும். லோடு இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2300 சுற்று என்று அர்த்தம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தி. டிரோன் விசிறியோடு அப்படியே தண்ணீரில் விட்டால் மோட்டார் கரண்டைக் குடித்துத் திணறும். கே.வி. குறைந்த மோட்டார், சின்ன விசிறி, குறைந்த வோல்டேஜ் வேண்டும். மோட்டாரை ஓட்டும் இ.எஸ்.சி. என்ற சின்ன போர்டு மட்டும் நனையக் கூடாது. விமானத்துக்கான போர்டு ஒரே பக்கம்தான் சுற்றவிடும், ரிவர்ஸ் வேண்டுமென்றால் கார், படகுக்கானதைத் தேட வேண்டும்.

பிறகு கேபிள். கரையில் 12 வோல்ட் பேட்டரி, தண்ணீரில் வண்டி, நடுவே 15 மீட்டர் வயர். போக வர 30 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் ஏறக்குறைய அரை ஓம். 10 ஆம்பியர் போனால் வயரிலேயே 5 வோல்ட் காலி, வண்டிக்கு மிஞ்சுவது 7. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்கிற ஓம் விதி இதுதான். தடித்த வயர் போட்டால் நஷ்டம் குறையும், ஆனால் வண்டி வயரை இழுக்கத் திணறும். லாபத்தையும் நஷ்டத்தையும் பிள்ளை தானே எழுதிப் பார்க்கட்டுமே.

எங்கள் ஏரியா பள்ளி ஒன்றில் (பெயர் வேண்டாம்) போன வருடம் ஒரு பையன் பி.வி.சி. பைப்பில் பழைய டிரோன் மோட்டார் மாட்டி இப்படியொரு வண்டியைக் கொண்டுவந்தான். தொட்டியில் முங்கி, திரும்பி, மேலே வந்தது. பரிசு, பளபளப்பான கிட் ரோபோவுக்கு. பையனுக்குக் கிடைத்த கமெண்ட்: "ஃபினிஷிங் போதாது." அவன் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்கிறேன்: அந்த கிட்டில் மாணவன் செய்தது எது? கடைக்காரனுக்கா பரிசு?

நம் ஆட்கள் சொல்லும் இன்னொரு காரணம்தான் எனக்கு ஆகவே ஆகாது. "குப்பையை நோண்டினால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?" பிரித்து மேய்கிற வேலை நமக்கில்லை, வேறு யாரோ செய்ய வேண்டியது என்ற நினைப்பு. தில்லி சீலம்பூருக்குப் போய்ப் பாருங்கள். நாம் வீசியதைப் பிரித்துச் செம்பு தனி, இரும்பு தனி என்று எடுத்துத்தான் எத்தனையோ குடும்பம் பிழைக்கிறது. எதற்குள் என்ன இருக்கிறது என்று அங்கே வேலை பார்ப்பவருக்குத் தெரியும். நம் பிள்ளைக்குத் தெரியாது. இதில் யார் படித்தவர்?

மாற்றல் உத்தியோகத்தில் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர், பள்ளி, நண்பர்கள் எதுவும் நிலையில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் கைமாறும். கூடவே வருவது கைவேலை ஒன்றுதான். ஊர்க் கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவி எடுத்தவர்கள் நம் தாத்தா பாட்டி. லீவுக்குப் போகும்போது அதே கிணற்றுக்குள் பேரன் கேமரா வண்டியை இறக்கட்டுமே. அந்த வண்டியைப் பெட்டியோடு வாங்காமல் அவனே செய்திருக்கட்டும், அவ்வளவுதான்.

அடுத்த முறை பங்கார்வாலா மணியடித்தால், சாமானைத் தூக்கிக் கொடுக்குமுன் பிள்ளையிடம் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொடுங்கள். தங்கமணிகள் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள் :-)

டிஸ்கி: வீட்டு 230 வோல்ட் லைன் தண்ணீர்ப் பக்கமே வரக் கூடாது. கரையில் 12 வோல்ட் பேட்டரி மட்டும். உப்பிய லித்தியம் பேட்டரியைத் தொடவே வேண்டாம், மின்கழிவு வாங்கும் மையத்தில் கொடுத்துவிடுங்கள். தண்ணீரில் ஆள் இருக்கும்போது விசிறி சுற்றக் கூடாது. ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் துரு பிடித்துவிடும். கடல் தண்ணீரில் விடுவதாக இருந்தால் சுருளுக்கு முதலில் எபாக்ஸி பூசிக்கொள்ளுங்கள்.