கண் சிமிட்டும் விளக்குகள்

டிக்கோயாவில் உள்ள நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சில நாட்களுக்கு முன் சென்றிருந்தேன். தேயிலை மலையில் கொழுந்து பறித்து ஓய்ந்த அவருடைய தாயார், வெளிநாட்டுப் பேரன் அனுப்பிய மின்சாரச் சக்கர நாற்காலியில் வாசல்வரை வந்து வெயில் காய்வது வழக்கம். அன்றோ அம்மையார் கட்டிலிலேயே கிடந்தார்.

"வண்டியில் விளக்கு மின்னுகிறது, பழுதாகிவிட்டது. பத்து நாளாயிற்று" என்றார் மகன்.

"எத்தனை விளக்கு மின்னுகிறது?" என்று கேட்டேன். எவரும் எண்ணிப் பார்க்கவில்லை!

நேயர்களே, நாற்காலியின் கைத்தாங்கியில் விரலால் தள்ளி ஓட்டும் சிறு கோல் ஒன்று உண்டல்லவா? பரவலாக வழங்கும் வி.ஆர்.2 என்னும் வகையில், அதனருகே பத்துச் சிறு விளக்குகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரிசையாக அமைந்திருக்கும். அசையாமல் எரியும்போது அவை பற்றரியின் இருப்பைக் கூறும். பச்சைவரை எரிந்தால் நிறைவு. மஞ்சளோடு நின்றால் மின்னேற்றுவது நன்று. சிவப்பு மட்டுமே எரிந்தால் வெளியே புறப்படலாகாது.

வேகமாகச் சிமிட்டினாலோ, அது வேறு மொழி. சிமிட்டும் விளக்குகளின் எண்ணிக்கையே கோளாறின் பெயர். ஒன்றாயின் பற்றரி வற்றியது, அல்லது அதன் இணைப்புத் தளர்ந்தது. இரண்டும் மூன்றும் இடப்புற மோட்டாரையும், நான்கும் ஐந்தும் வலப்புற மோட்டாரையும் குறிக்கும். ஆறு என்றால் மின்னேற்றி இன்னும் கழற்றப்படவில்லை என்று பொருள். ஏழு ஓட்டும் கோலையும், எட்டு கட்டுப்பாட்டுப் பெட்டியையும், ஒன்பது பிரேக்கையும் சுட்டும். பத்தும் சிமிட்டினால் மின்னழுத்தம் மிகுந்துவிட்டது.

அம்மையாரின் நாற்காலியில் சிமிட்டியவை ஒன்பது. குனிந்து பார்த்தேன். கையால் தள்ளிச் செல்வதற்காகப் பிரேக்கை விடுவிக்கும் நெம்புகோலை, அறையைக் கூட்டும்போது யாரோ திருப்பிவிட்டு மறந்திருந்தனர். அதைப் பழைய நிலையில் வைத்து, சுவிட்சை அணைத்து மீண்டும் போட்டதும் சிமிட்டல் நின்றது. அந்த நெம்புகோல் விடுபட்டிருக்கும்வரை நாற்காலிக்குப் பிரேக் இல்லை. நம்முடைய சரிவுகளில் ஆளை அமர்த்தி அதை விடுவிப்பது உயிருக்கே ஆபத்து.

மலைநாட்டார் மேலும் இரண்டு அறிய வேண்டும். இத்தகைய நாற்காலிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பற்றரிகள் இரண்டு சேர்ந்து 24 வோல்ட் தருகின்றன. மேட்டில் ஏறுகையில் மோட்டார்கள் மிகுந்த மின்சாரத்தை இழுப்பதால் விளக்குகள் சட்டெனக் குறையும். சமதரைக்கு வந்ததும் தேறும். ஆகவே, சமதரையில் சற்று ஓட்டிய பின் இருப்பைப் பார்ப்பதே முறை. இறக்கத்திலோ மோட்டார்களே டைனமோவாக மாறி மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். பற்றரி முன்பே நிறைந்திருந்தால் அதற்கு இடமேது? அப்போது பத்து விளக்கும் சிமிட்டக்கூடும். மெல்ல இறங்குவதே பரிகாரம்.

எல்லா நாற்காலிகளும் ஒரே மொழி பேசுவதில்லை. உங்கள் நாற்காலியோடு வந்த கைந்நூலைப் படித்து, எண்களின் பொருளைத் தமிழில் ஓர் அட்டையில் எழுதி நாற்காலியிலேயே கட்டிவிடுங்கள். அதே சிமிட்டல் மீண்டும் வந்தால் பெட்டியைத் திறக்காமல், எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் சொல்லுங்கள்.

அன்று மாலையே அம்மையார் வாசலுக்கு வந்துவிட்டார். பத்து நாள் வெயிலை அவர் இழந்தது பழுதினால் அன்று. எண்ணிப் பார்க்க ஒருவர் இல்லாமையால்.