மேட்டு வீட்டுச் சுவர்

கோட்டூர்புரத்தில் மேடேது, பள்ளமேது, அங்கே என்ன மலையா இருக்கிறது என்று கேட்பீர்கள். மலை இல்லைதான்; ஆனால் அடையாறு இருக்கிறதே! தெருவில் நின்று பார்த்தால் எல்லாம் சமதரையாகத்தான் தோன்றும். ஆற்றங்கரைப் பக்கமாக நடந்து பாருங்கள். தரை மெல்ல மெல்லச் சரிவது காலுக்குத் தெரியும். 2015 டிசம்பரில் அது எல்லோருக்குமே தெரிந்துபோயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டபோது, அடையாறு கரை கடந்து வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது.

அப்படி ஒரு வெள்ளத்தைக் கண்டவர்கள் புது வீடு கட்டும்போது மனையை உயர்த்திக்கொள்ள நினைப்பது நியாயந்தான். டிராக்டர் டிராக்டராக மண் வந்து இறங்குகிறது. கொல்லைப்புறம் மூன்றடி உயர்கிறது. சரிவான இடமானால் ஆறடிகூட உயர்கிறது. கொட்டிய மண் சும்மா நிற்குமா? அதைத் தாங்கக் கருங்கல்லில் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். 'இது கொத்தனார் பாடு' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று 'இது எதற்கு, அது எதற்கு' என்று கேட்கப் போகிறவர் நீங்கள்தானே?

கல்லைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் பரங்கிமலை, பல்லாவரம் கருங்கல்லுக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவிலே ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கு வைத்த கல் இந்த ரகந்தான். 1893-ல் ஹாலண்ட் என்ற நிலவியல் அறிஞர் அவர் பெயரை ஒட்டியே இதற்குச் 'சார்னோகைட்' என்று பெயர் சூட்டினார். அவ்வளவு கெட்டியான கல்! அப்படியிருந்தும் கருங்கல் சுவர்கள் விழுகின்றனவே, ஏன்?

தண்ணீர்தான் காரணம். ஒரு மூட்டை அரிசியைத் தரையில் கொட்டுங்கள். ஓரளவு சரிந்து, பிறகு குவியலாக நின்றுவிடும். மண்ணும் அப்படித்தான், தன் பாரத்தில் ஒரு பகுதியைத் தானே தாங்கிக்கொள்ளும். தண்ணீருக்கு அந்த நாணயம் கிடையாது. ஆறடி உயரச் சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும், நீர் வடிந்த மண் சுமார் 300 கிலோ பாரத்தோடு தள்ளுகிறது. அதே மண்ணில் மழைநீர் மேல்மட்டம் வரை தங்கிவிட்டால் தள்ளு 650 கிலோவைத் தாண்டிவிடும். பின்னால் பெரிய ஏரி இருக்க வேண்டும் என்பதில்லை. சுவருக்குப் பின்னே ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் நின்றாலும் அதன் தள்ளு அதேதான்!

2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடிவதற்கு முன், மேட்டுப்பாளையம் அருகே நடூரில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். விடாத மழையில் ஊறிப்போன உயரமான கருங்கல் மதில் ஒன்று, அதன் கீழே இருந்த ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் எழுந்திருக்கவே இல்லை. சுவர் எழுப்பியவர் ஒருவர். உயிர் கொடுத்தவர்கள் வேறு. மேட்டில் சுவர் எழுப்புகிற யாரும் இதை மறக்கலாகாது.

ஆகவே, நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை.

வானம் தோண்டும்போது, புதிதாகக் கொட்டிய மண்ணைத் தாண்டி, பழைய கெட்டித் தரை வரை போகச் சொல்லுங்கள். அடிப்பாகத்தின் அகலம், சுவரின் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு மண்ணுக்குப் பதில் ஜல்லி நிரப்ப வேண்டும். மூன்று நான்கு அடிக்கு ஒன்றாக, தண்ணீர் வெளியே வடியும்படி சுவரில் குழாய்கள் வைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் அடுத்த வீட்டு அடுக்களைக்குப் போகாமல், ஒரு சிறு வாய்க்கால் வழியாகத் தெருவின் மழைநீர்க் கால்வாயைச் சேர வேண்டும். 'ஓட்டை அசிங்கமாக இருக்கிறது' என்று அதைச் சிமெண்டு பூசி அடைக்க யாராவது வந்தால், தயவுதாட்சணியம் பார்க்காமல் தடுத்துவிடுங்கள்!

மண்ணை ஒரே நாளில் கொட்டி முடிக்கக் கூடாது. அரை அடி அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, கெட்டிக்க வேண்டும். டிராக்டரோ மண்வாரி இயந்திரமோ சுவர் ஓரம் வரை வரக் கூடாது. சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளியே நிற்கட்டும். ஓரத்துக்கு நம் பழைய திமிசுக்கட்டை போதும்.

இன்னொரு கணக்கு: சுவரின் உயரம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்காகிறது. எனவே ஆறடிச் சுவர் ஒன்றைவிட, நடுவே ஆறடி இடம் விட்டு மூன்றடிச் சுவர் இரண்டு கட்டுவது உத்தமம். இடையிலுள்ள படியில் மல்லிகையும் கனகாம்பரமும் வைக்கலாம். சரிவில் குறுக்கு வரிசையாக வெட்டிவேர் நடுங்கள். பானைத் தண்ணீரை மணக்கச் செய்கிற அதே வெட்டிவேர், மண்ணுக்குள் ஆறடிக்கு மேல் இறங்கி அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நாலடிக்கு மேல் ஒரே சுவர்தான் என்றால், என்ஜினீயரைக் கேட்காமல் ஒரு கல்கூட வைக்காதீர்கள்.

ஏற்கெனவே சுவர் இருக்கிறதா? ஐப்பசி பிறக்குமுன் ஒரு நாள் அதன் கீழ்ப்பக்கம் போய்ப் பாருங்கள். நடுவே வயிறு தள்ளியிருந்தாலோ, நீளவாக்கில் வெடித்திருந்தாலோ, மழை பெய்தும் குழாயில் ஒரு சொட்டுகூட வராவிட்டாலோ, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் உடனே ஆளை அழைத்துக் காட்டுங்கள். கீழ்வீட்டம்மாளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சுவர் உங்களுடையதானாலும், அதன் நிழலில் துணி உலர்த்துகிறவர் அவர்தானே!