அரைக் கோட்டுக் கணக்கு

கைக்குழந்தைக்குச் சர்க்கரை வந்தால் மரபணுச் சோதனை எதற்கு என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒருவர். சர்க்கரை என்றால் சர்க்கரைதானாம், இன்சுலின் போட்டால் போதுமாம், மற்றதெல்லாம் பட்டணத்து ஆஸ்பத்திரிகள் பில் போடும் வித்தையாம். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கூட, என்ன நோய் என்று தெரியாமல் குஞ்சுக்கு மருந்து கலக்கமாட்டார். பச்சைப்பிள்ளைக்கு அந்த மரியாதையும் வேண்டாம் என்கிறார் இவர்.

ஆறு மாதத்துக்குள் வரும் சர்க்கரை, தாத்தாவுக்கு வந்ததும் அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் டைப் 1 ஆக இருப்பதும் அபூர்வம். பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த பிழை. கேசிஎன்ஜே11, ஏபிசிசி8 என்ற இரண்டுக்கும் அதில் பெரும் பங்கு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில், பொட்டாசியம் வெளியேற இந்த இரண்டும் சேர்ந்து கட்டும் ஒரு மதகு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அது மூடிக்கொள்ள வேண்டும். மதகை மூடினால்தானே ஏரித் தண்ணீர் மேட்டு வயலுக்கு ஏறும்? இந்தக் குழந்தைகளுக்கு அது மூடுவதில்லை. இன்சுலின் உள்ளே இருக்கிறது, வெளியே வர வழியில்லை.

மூடவைப்பது எது தெரியுமா? தாத்தாவின் மாத்திரை டப்பாவில் கிடக்கும் கிளிபென்கிளமைடு! கேசிஎன்ஜே11 பிழையை இங்கிலாந்தின் எக்சிடர் நகரக் குழுவினர் கண்டுபிடித்தது 2004-ல். 2006-ல் 49 பேருக்கு இவ்வகை மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 44 பேர் இன்சுலினை அறவே விட்டார்கள். பத்தாண்டு கழித்தும் மாத்திரை கேட்கிறதா என்று 81 பேரைப் பார்த்தார்கள். 75 பேருக்கு மாத்திரை மட்டுமே போதுமானதாக இருந்தது. இவருக்கு இதெல்லாம் ‘வித்தை’.

எல்லாக் குழந்தைக்கும் மாத்திரை கேட்காது, உண்மைதான். இன்சுலின் மரபணுவே பழுதானால் ஊசிதான். எது என்று சொல்வதற்குத்தான் ஐயா சோதனை! முடிவு வரும்வரை இன்சுலினை நிறுத்தச் சொன்னவர் யாருமில்லை.

அடுத்து, சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்கிறார். இதில் கால்வாசி உண்மை. வால்காட் ராலிசன் போன்ற சில அரிய வகைகளுக்கு அது பொருந்தும். ஆனால் மதகுப் பிழைகளில் பெரும்பாலானவை தாய்க்கும் இல்லாமல், தகப்பனுக்கும் இல்லாமல், குழந்தையிடம் புதிதாக முளைப்பவை. மாமன் மகனைக் கட்டிய பெண்ணை ஊர் ஏற்கெனவே குத்திக்காட்டுகிறது. இவர் எழுதியும் குத்துகிறார்.

காசு பறிக்கிறார்களாம். ஒன்பது மாதத்துக்குள் சர்க்கரை கண்ட குழந்தைகளுக்கு, எந்த நாடாக இருந்தாலும், எக்சிடரில் இலவசமாகவே பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம்கூட வேண்டாம், சென்னையில் டாக்டர் மோகனின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் ராதா வெங்கடேசன் குழுவினர் பல ஆண்டுகளாக இதே வேலையில்தான் இருக்கிறார்கள். வேண்டியது இரண்டு மூன்று மில்லி ரத்தம்.

பிள்ளை நனைத்த தூளித் துணியில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துப் பயந்து ஓடிவரும் தாயிடம் இவர் நீட்டுவது என்ன? நாற்பது யூனிட் சிரிஞ்சு. அதில் ஒரு கோடு ஒரு யூனிட். மூன்று கிலோப் பிள்ளைக்கு அரை யூனிட் என்றால், அந்த அரைக் கோட்டை அவள் கண்ணாலேயே அளக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் சர்க்கரை இறங்கி வலிப்பு. நாளைக்கு நாலு ஊசி என்றால் வருடத்துக்கு 1,460 தடவை.