அவர்களுக்குத் தலைமைப் பயிற்சி, நமக்குத் தகப்பன் தொழிலா?

இலவசப் பயிற்சி, சாப்பாடு உண்டு, சான்றிதழ் உண்டு என்று அழைத்தால் எங்கள் பக்கத்து இளைஞர்கள் போகத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விருதுநகருக்குப் பக்கத்தில், மல்லாங்கிணற்றில் இருந்து எழுதுகிறேன். விடிந்தும் விடியாததுமாகத் தூக்குவாளியோடு பட்டாசு ஆலை வேனுக்குக் காத்து நிற்கும் அம்மாக்களின் பிள்ளைகள், பட்டம் வாங்கிவிட்டு இங்கே வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சான்றிதழ் என்பது அவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. எனவே என் கேள்வி பயிற்சிக்குப் போகிறவர்களிடம் அல்ல, பயிற்சி கொடுக்கிறவர்களிடம்: யாரை எந்த வகுப்பறைக்கு அனுப்புகிறீர்கள்?

வலதுசாரிகளிடம் இரண்டு வகுப்பறைகள் உண்டு. முதலாவது மும்பைக்குப் பக்கத்தில் உத்தன் என்ற கடற்கரை ஊரில் இருக்கிறது. ராம்பாவ் மால்கி பிரபோதினி என்று பெயர். 1982-இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், சட்டமன்ற உறுப்பினர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், கட்சிப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்குப் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. 2017-இல் இருந்து, பட்டதாரி இளைஞர்களுக்கு அரசியல், தலைமைப் பண்பு, ஆட்சி நிர்வாகம் சொல்லிக் கொடுக்கத் தனியாக ஒரு படிப்பையே வைத்திருக்கிறது.

டெல்லியில் விவேகானந்தா சர்வதேச அறக்கட்டளை இருக்கிறது. நம் கன்னியாகுமரியில் தலைமையகம் வைத்திருக்கும் விவேகானந்த கேந்திரத்தின் ஆதரவில் 2009-இல் தொடங்கப்பட்டது. கருத்தரங்கு, உரையரங்கு, நூல் வெளியீடு என்று வெளிப்பார்வைக்கு அறிவுஜீவிகளின் மடம். 2014-இல் மோடி ஆட்சிக்கு வந்ததும் நடந்ததைப் பாருங்கள். அதன் நிறுவன இயக்குநர் அஜித் தோவல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஆனார். அங்கிருந்த நிருபேந்திர மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலாளர் ஆனார். அவர் பதவியேற்க டிராய் சட்டம் தடையாக இருந்தது. அவசரச் சட்டம் போட்டு அந்தத் தடையை நீக்கினார்கள். கருத்தரங்க மேடையில் இருந்து பிரதமர் அலுவலகத்துக்கு அவ்வளவுதான் தூரம்!

இனி இரண்டாவது வகுப்பறை. இது நமக்கானது. 2023 செப்டம்பர் 17, விஸ்வகர்மா ஜெயந்தி அன்று தொடங்கப்பட்டது பி.எம். விஸ்வகர்மா திட்டம். 13,000 கோடி ரூபாய், 18 தொழில்கள். தச்சர், கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், சலவைத் தொழிலாளி, பூமாலை கட்டுபவர், கூடை முடைபவர் என்று நீள்கிறது பட்டியல். அடிப்படைப் பயிற்சி ஒரு வாரம்கூட இல்லாமல் முடிந்துவிடலாம். நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய், 5 விழுக்காடு வட்டியில் கடன். குரு-சிஷ்ய மரபையும் குடும்ப வழித் தொழிலையும் வலுப்படுத்துவது நோக்கம் என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. குறைந்தபட்ச வயது 18.

உத்தனில் நடக்கும் பயிற்சிதான் இந்தத் திட்டத்தை எழுதியது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே அரசியலின் வகுப்பறைகள் என்கிறேன். ஒன்றில் ஆளக் கற்றுக் கொடுக்கிறார்கள். மற்றொன்றில் அப்பன் செய்த வேலையைக் கற்றுக் கொடுக்கிறார்கள்.

"ஏழைக் கைவினைஞருக்குக் கிடைக்கும் கடனை ஏன் தடுக்கிறீர்கள்? விண்ணப்பத்தில் சாதியே கேட்கவில்லையே?" என்று கேட்கிறார்கள். ஐம்பது வயது முடிதிருத்தும் தோழருக்கு நாற்காலி வாங்கக் கடன் வேண்டும்தான். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் "குடும்ப வழித் தொழில்" என்று எழுதிய பிறகு சாதியை வேறு தனியாகக் கேட்க வேண்டுமா? எங்கள் ஊரில் எந்தக் குடும்பம் வழிவழியாகத் துணி வெளுக்கிறது, எந்தக் குடும்பம் செருப்புத் தைக்கிறது என்பதற்கு விண்ணப்பம் தேவையில்லை, தெருப் பெயரே போதும். பதினெட்டு வயது என்பது கல்லூரியில் சேருகிற வயது. அந்த வயதுப் பிள்ளையின் கையில் கடனையும் கத்தரிக்கோலையும் கொடுப்பதற்குப் பெயர் உதவியா?

தமிழ்நாடு அரசு கேட்டது இதைத்தான். குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலைச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்றது. ஒன்றிய அரசு இசையவில்லை. இப்போதிருக்கும் வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் கடிதம் எழுதினார். 2025-இல் 25 தொழில்களோடு, 35 வயது நிபந்தனையோடு கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. கடனும் கிடைக்கும், குலமும் தேவையில்லை என்றால், அந்த நிபந்தனையை விடாமல் பிடித்துக் கொண்டிருந்தவர்களின் நோக்கம் கடன் கொடுப்பது மட்டும்தானா?

இந்த வகுப்பறையைத் தமிழ்நாடு முன்பே பார்த்திருக்கிறது. 1953-இல் ராஜாஜி கொண்டு வந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைக்குப் பாதி நாள்தான் பள்ளி. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு இந்தத் திட்டம் இல்லை. குலக்கல்வித் திட்டம் என்று சரியாகப் பெயர் வைத்து எதிர்த்தார் பெரியார். 1954 ஏப்ரலில் ராஜாஜி விலக, காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட விருதுநகர்க்காரர் அவர். அவர் படித்த சத்திரிய வித்யாசாலா, உறவின்முறைக் கடைக்காரர்கள் சேர்த்த மகமைப் பணத்தில் எழுந்தது. 1931-இல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியதும் இதே விருதுநகரில்தான். குலக்கல்வியை வீழ்த்திய மண்ணில் நின்றுகொண்டு, அதே சரக்கைப் புது உறையில் போட்டு விற்கப் பார்க்கிறார்கள்.

சிவகாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1899-இல் கோயில் நுழைவு உரிமை கேட்டதற்காக நாடார்கள் தாக்கப்பட்டு, வீடுகள் எரிக்கப்பட்ட ஊர். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அது அவர்கள் தகப்பன் தொழில் அல்ல. குலத்தொழிலே போதும் என்று இருந்திருந்தால் சிவகாசி என்ற தொழில் நகரமே இல்லை.

ஆனால் அந்த வரலாற்றைப் பெருமைக்கு மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. இன்று ஆலை யாருடையது, மருந்துக் கலவை அறையில் உட்காருவது யார்? தலித் குடும்பங்களும் நிலமற்ற பிற்படுத்தப்பட்ட குடும்பங்களும்தான் அந்த அறைகளை நிரப்புகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற விதியை மீறுவது, உரிமத்தை உள்குத்தகைக்கு விடுவது, உராய்வில் தீப்பிடிப்பது என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதே காரணங்களைப் படிக்கிறோம். இந்த மாவட்டத்துக்குப் பயிற்சி தேவைதான். அது முதலில் உயிரோடு வீடு திரும்புவதற்கான பயிற்சி. அடுத்து, அந்த அறையை விட்டு அடுத்த தலைமுறை வெளியேறுவதற்கான பயிற்சி. ஆலை வாசலில் அம்மா செய்த வேலைக்கே மகளையும் பழக்குவது எங்களுக்குப் புதிதல்ல. அதற்குத் திட்டம் எதுவும் தேவைப்படவில்லை, வறுமையே போதுமானதாக இருந்தது.

பயிற்சியின் மீது அவர்களுக்கு அவ்வளவு அக்கறை என்றால், ஒரே ஒரு தொழிலில் மட்டும் ஏன் கசக்கிறது? அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006-இல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. பயிற்சிப் பள்ளிகள் திறந்து, 200-க்கும் மேற்பட்டோர் பயிற்சி முடித்தார்கள். உடனே உச்சநீதிமன்றத்தில் வழக்கு. தீர்ப்பு வந்தது 2015 டிசம்பரில். 2021 ஆகஸ்டில்தான் அவர்களில் 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. அதற்குள் பலருக்கு இளமையே போய்விட்டது. 18 தொழில் பட்டியலில் பூக்கட்டுகிறவர் இருக்கிறார். அந்தப் பூவைச் சாமிக்குச் சாத்துகிறவர் இல்லை. பூக்கட்டுவதைப் படித்தால் திறன், பூசையைப் படித்தால் ஆகம மீறல்!

தோழர்களே, அடுத்த முறை முகாமுக்கு அழைப்பு வந்தால் போங்கள். போய்க் கேளுங்கள். இந்த மேடையில் பேசுகிறவரின் மகன் எந்தப் பயிற்சியில் இருக்கிறான்? உத்தனில் எனக்கு இடம் உண்டா, அல்லது உலைக்களத்தில் மட்டும்தானா? கருவறைக்கு எப்போது ஆள் எடுக்கிறீர்கள்? பதில் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். சொல்லாவிட்டால் சாப்பாட்டை முடித்துவிட்டு எழுந்து வாருங்கள். அது நம் வரிப்பணமாகக்கூட இருக்கலாம்.